குரலை முதலில் கேளுங்கள்: முதல் ஹெட்போன் வாங்குவோருக்குப் பதினான்கு அறிவுரைகள்

ஒலிப்பதிவு படிக்க வரும் பிள்ளைகளும், வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்து பழகும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், கையில ஐயாயிரம்தான் இருக்கு. நல்ல ஹெட்போன் கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்தால் கிடைக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பளபளப்பை விட்டுக்கொடுக்கலாம். வயர்லெஸ்ஸை விட்டுக்கொடுக்கலாம். அதிரும் பேஸையும் விட்டுக்கொடுக்கலாம். மனிதக் குரல் மட்டும் மனிதக் குரலாகவே ஒலிக்க வேண்டும். அது சரியாக இருந்தால் மற்றதைச் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது. நான் கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

1. க்ளோஸ்டு-பேக் எதற்கு என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருந்தால் அது க்ளோஸ்டு-பேக். வலைபோட்டுத் திறந்திருந்தால் ஓப்பன்-பேக். கிண்ணத்துக்குள் ஒலியை உண்டாக்கும் டிரைவர் காதை நோக்கி ஒலி எழுப்பும்போது பின்பக்கமும் அதே அளவு ஒலி எழுகிறது. திறந்த கிண்ணத்தில் அது வெளியே போய்விடும். மூடிய கிண்ணத்தில் உள்ளேயே மோதித் திரும்பும். அதை அடக்கக் கிண்ணத்தின் வடிவம், உள்ளே வைக்கும் பஞ்சு, காற்றுத் துளை எல்லாவற்றையும் கவனித்துச் செய்ய வேண்டும். மலிவான ஹெட்போன் பலவற்றில் அந்தக் கவனிப்பு இருப்பதில்லை. பாடகர் குடத்துக்குள் இருந்து பாடுவதுபோலக் கேட்பது அதனால்தான்.

அப்படியிருந்தும் க்ளோஸ்டு-பேக் இல்லாமல் முடியாத இடங்கள் உண்டு. மைக் முன்னால் பாடும்போது க்ளிக் ட்ராக் மைக்கில் கசியக் கூடாது. ஹாஸ்டல் அறையில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்குவார். பஸ்ஸிலும் ரயிலிலும் வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது. இந்தத் தேவை எதுவும் இல்லாமல் தனியறையில் அமைதியாகக் கேட்பவர் என்றால், அதே விலையில் ஓப்பன்-பேக் ஒன்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

2. விலை குறைவு என்று தாழ்வாக நினைக்காதீர்கள்

ஜெரோன் பிரேபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எந்தச் சுருதியை எவ்வளவு சத்தமாகக் கொடுக்கிறது என்ற அளவுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பில்லை என்பதே அதன் முடிவு. விலை ஏற ஏறக் கட்டுமானம், பொருத்தம், உதிரி கிடைப்பது, பெயர் என்று பலதுக்கும் சேர்த்துத்தான் பணம் போகிறது. ஒலி மட்டும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் கையில் இருக்கும் காசை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். கவனமாகத் தேடுகிறவருக்குக் குறைந்த விலையிலும் நல்லது அகப்படும். தேடாதவர் அதிக விலை கொடுத்தும் ஏமாறலாம்.

3. காசு ஒலிக்குப் போகட்டும்

மூவாயிரம் ரூபாய் ப்ளூடூத் ஹெட்போனில் பேட்டரி, சார்ஜிங் சர்க்யூட், ப்ளூடூத் சிப், ஆம்ப், மைக், பொத்தான் அத்தனையும் அந்த மூவாயிரத்துக்குள் அடங்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு என்றால் இன்னும் மைக்குகள் வேண்டும். அதே மூவாயிரத்துக்கு வயர் வைத்த ஹெட்போன் வாங்கினால் பணம் டிரைவருக்கும் கிண்ணத்துக்கும் பேடுக்கும் போகிறது. சில வருடத்தில் பேட்டரி தளர்ந்து தூக்கிப்போடவும் வேண்டாம். பாடிப் பதிவுசெய்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் வரும். தன் குரலே தனக்குப் பிந்திக் கேட்டால் யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. முதல் ஹெட்போன் வயர் வைத்ததாகவே இருக்கட்டும்.

4. குரலை முதலில் கேளுங்கள்

கடையில் ஹெட்போனை மாட்டியதும் பேஸ் அதிரும் பாட்டைப் போடாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். பக்கவாத்தியம் குறைவாக, குரல் முன்னால் நிற்கும் பாட்டாக இருக்க வேண்டும். ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், இரண்டையும் கேளுங்கள்.

ஆண் குரலில் கவனிக்க வேண்டியது மார்பு. குரல் தேவைக்கு மேல் கனத்து, சளி பிடித்ததுபோல ஒலித்தால் 200 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். க்ளோஸ்டு-பேக்கில் அதிகம் காணும் குறை இதுதான். பெண் குரலில் கவனிக்க வேண்டியது உச்சரிப்பு. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா? விழவில்லை என்றால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அமுங்கிக் கிடக்கலாம். ச, ஸ, ஷ வரும் இடத்திலெல்லாம் ஊசி குத்துவதாகத் தோன்றினால் அதற்கு மேலே ட்ரெபிள் துருத்திக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் அன்றாடம் பேசிப் பழகும் ஒருவரின் குரலைப் போனில் நன்றாகப் பதிவுசெய்து எடுத்துப் போங்கள். பாட்டில் ரெக்கார்டிங் இன்ஜினியரின் கைவேலை கலந்திருக்கும். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. பேஸின் அளவைப் பார்க்காதீர்கள், அதன் சுருதியைப் பாருங்கள்

மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியை வாசிக்கிறவர், தட்டிய கையாலேயே தோலை அழுத்தி நகர்த்தி நாதத்தை வளைப்பார். கும்கி என்பார்கள். அந்த ஓசை ஓரிடத்தில் தொடங்கி ஏறி இறங்கும். நல்ல ஹெட்போனில் அந்த வளைவு முழுதும் கேட்கும், எங்கே முடிகிறது என்றும் தெரியும். மோசமான மூடிய கிண்ணத்தில் எல்லாக் கும்கியும் ஒரே "தும்" ஆகிவிடும். கிண்ணமே தனக்குப் பிடித்த ஒரு சுருதியில் முழங்கத் தொடங்கி, வாத்தியத்தின் சுருதியை விழுங்கிவிடுகிறது.

சினிமாப் பாட்டு கேட்பவர் பேஸ் கிட்டாரைப் பின்தொடருங்கள். அதன் மிகக் கீழ்த் தந்தியின் சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ். அது நகரும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் உங்களால் முணுமுணுக்க முடிகிறதா? முடிந்தால் பேஸ் நல்ல பேஸ். நெஞ்சு அதிர்கிறது, ஆனால் ராகம் பிடிபடவில்லை என்றால் அது வெறும் இரைச்சல். இப்படி அதிரும் ஹெட்போனில் மிக்ஸ் செய்யும் பிள்ளைகள் பேஸ் அதிகமாக இருக்கிறதென்று குறைத்துவிடுவார்கள். வெளியே ஸ்பீக்கரில் போட்டால் பாட்டு ஒல்லியாகக் கேட்கும்.

6. பேட் காதைச் சுற்றி முழுதாக உட்கார வேண்டும்

பேடுக்கும் தோலுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ். மூக்குக்கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். பாட்டு ஓடும்போது கண்ணாடியின் காலைச் சற்றுத் தூக்கி, பிறகு இறக்கிப் பாருங்கள். பேஸ் வந்து வந்து போனால் அந்தப் பேட் உங்களுக்குச் சரிப்படாது. மென்மையான தடித்த பேட் என்றால் கண்ணாடிக் காலைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும். கனத்த கூந்தல், பெரிய கம்மல், தாடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

காது மடல் முழுதும் பேடுக்குள் அடங்க வேண்டும். மடலின் மேல் உட்காரும் சிறிய வகை விலை குறைவு. ஆனால் அரை மணி நேரத்தில் மடல் வலிக்கும், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஒலி கொஞ்சம் மாறும். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிவிட்டுக் கழற்றாதீர்கள். கடைக்காரர் அனுமதித்தால் கால் மணி நேரம் தலையில் வைத்திருங்கள். உச்சந்தலை அழுந்துகிறதா, தாடை இறுகுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

7. ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள்

இரண்டு ஹெட்போன்களில் சற்றே சத்தமாக ஒலிப்பது நல்லதாகத் தோன்றும். இது எல்லார் காதுக்கும் உள்ள இயல்பு. சத்தம் குறையும்போது பேஸ் அதைவிட வேகமாகக் குறைவதாகக் காதுக்குப் படும் என்று பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குரல் இரண்டிலும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். போனில் ஈக்யூ, டால்பி, பேஸ் பூஸ்ட் எது இருந்தாலும் முதலில் அணைத்துவிடுங்கள்.

8. பெட்டியில் அச்சடித்த எண்களில் இரண்டை மட்டும் பாருங்கள்

"20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தமே இல்லை. டிரைவர் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதும் ஒலியின் தரத்தைச் சொல்லாது.

பார்க்க வேண்டியவை ஓம் கணக்கில் தரும் இம்பீடன்ஸும் (மின்தடை), கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று டெசிபல் கணக்கில் தரும் சென்சிடிவிட்டியும். போனிலும் லேப்டாப்பிலும் நேரடியாகக் கேட்பவர் 32 முதல் 64 ஓமுக்குள் நின்றுகொள்ளுங்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று விற்கப்பட்டது. விலை குறைத்துக் கிடைக்கிறதென்று 250 ஓமை வாங்கிப் போனில் செருகினால் சத்தம் போதாது. தனி ஆம்ப் வாங்க வேண்டிவரும். போனில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லாதவர், சி-டைப் முனையில் செருகும் சிறிய டாங்கிள் ஒன்றுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

9. எந்த விலைக்கு எது

விலை மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் படிகளாகச் சொல்கிறேன்.

ஆயிரத்தைச் சுற்றி: சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110. காது மடல் மேல் உட்காரும் சிறிய வகை. பேஸ் கொஞ்சம் தடிப்பு. பாட்டும் பாடமும் கேட்கப் போதும், மிக்ஸ் செய்ய வேண்டாம்.

ஐயாயிரத்தைச் சுற்றி: ஆடியோ டெக்னிகா ஏடிஹெச்-எம்20எக்ஸ், ஏகேஜி கே72. இரண்டுமே காதைச் சுற்றி உட்காருபவை. எம்20எக்ஸின் கேபிள் மூன்று மீட்டர், கழற்ற முடியாது. பஸ்ஸுக்கு அது தொல்லை, மேசைக்குச் சௌகரியம். தொடக்கக்காரர் பதிவுக்கும் கேட்பதற்கும் ஒன்று மட்டும் வாங்குவதென்றால் நான் இங்கிருந்து தொடங்கச் சொல்வேன்.

கேமிங் ஹெட்செட் என்று ஒதுக்காதீர்கள். ஹைப்பர்எக்ஸ் 2014-இல் கொண்டுவந்த க்ளவுட், டாக்ஸ்டார் ப்ரோ 80 என்ற ஸ்டூடியோ ஹெட்போனை அடியாகக் கொண்டது. தள்ளுபடியில் வந்தால் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று.

இன்னும் சில மாதம் சேமிக்க முடிந்தால்: ஏடிஹெச்-எம்40எக்ஸ், சென்ஹைசர் ஹெச்டி 280 ப்ரோ, சோனி எம்டிஆர்-7506. ஹெச்டி 280 ப்ரோ வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும், பிடி இறுக்கம். 7506 வந்தது 1991-இல். இன்றும் ஸ்டூடியோக்களிலும் படப்பிடிப்புகளிலும் புழங்குகிறது. ட்ரெபிள் தூக்கல். குரலில் உள்ள சின்னக் குறையையும் காட்டிக்கொடுக்கும் என்பதாலேயே அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

10. போலியைக் கண்டுபிடிக்கப் பெட்டியைப் படியுங்கள்

பேர்போன ஸ்டூடியோ மாடல்களுக்கு அச்சு அசலாகப் போலி உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் ஆன்லைன் கடையானாலும், இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி, வாடிக்கையாளர் சேவை விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்தச் சீட்டு இல்லாமல் "இம்போர்ட் பீஸ் சார், பாதி விலை" என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பில் இல்லாமல் வாரண்டி இல்லை.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் நாட்களுக்குள் எல்லாச் சோதனையையும் முடித்துவிடுங்கள். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பண்படும் என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் மாறுவது பேடின் மென்மையும், அந்த ஒலிக்குப் பழகிவிடும் உங்கள் காதும்தான். முதல் நாளே குரல் தப்பாக இருந்தால் திருப்பிவிடுங்கள்.

11. பழையது வாங்கினால் இவற்றைச் சோதியுங்கள்

பட்ஜெட் இறுக்கமானவர்களுக்குப் பழைய ஸ்டூடியோ ஹெட்போன் நல்ல வழி. 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலி ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். ஏதாவது ஓரிடத்தில் "கிர்ர்" என்று வந்தால் கவனியுங்கள். பல நேரம் டிரைவர் கெட்டிருக்காது. ஒற்றைத் தலைமுடி பேடுக்குள் புகுந்து மெல்லிய படலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேடைக் கழற்றி அதைப் பதமாக எடுத்தால் சத்தம் நின்றுவிடும். எடுத்தும் நிற்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பிறகு மோனோவில் ஒரு குரலைப் போடுங்கள். அது நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடவலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஹெட்போனில். மாறாமல் அதே பக்கம் நின்றால் காதில். குறும்பியாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

12. ஈக்யூவைப் பயன்படுத்தக் கூச்சப்படாதீர்கள்

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற செயலிகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு அளந்து எடுத்த திருத்தங்களை ஆட்டோஈக்யூ என்ற திட்டம் இலவசமாகவே தருகிறது. பெரும்பாலான திருத்தங்களுக்கு அடிப்படை, ஷான் ஓலிவும் டாட் வெல்டியும் ஹார்மன் நிறுவனத்தில் பலரைக் கேட்கவைத்து உருவாக்கிய இலக்குக் கோடு. நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர்போல ஒலிக்கும் ஹெட்போனைத்தான் கேட்டவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள்.

கையால் செய்வதானால் ஒரு விதி. கூட்டாதீர்கள், குறையுங்கள். குரல் கனத்தால் 200 ஹெர்ட்ஸைச் சுற்றி இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். எங்காவது கூட்டியே ஆக வேண்டுமென்றால் மொத்த அளவை அதே டெசிபல் இறக்குங்கள், இல்லையென்றால் ஒலி உடையும். கிண்ணத்தின் முழக்கத்தையும் பேடின் கசிவையும் ஈக்யூ முழுதாகத் தீர்க்காது. ஐந்தாவது, ஆறாவது அறிவுரைகளை வாங்கும்போதே பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

13. பேடையும் கேபிளையும் பராமரியுங்கள்

நம் ஊர் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் செயற்கைத் தோல் பேட் சீக்கிரம் உரியும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமாகவே பைக்குள் திணிக்காதீர்கள். உரிந்த பேடை மாற்றும்போது அதே மாடலுக்கான பேடையே வாங்குங்கள். தடிமனோ துணியோ மாறினால் ஒலியும் மாறும்.

கேபிள் பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான் அறும். இழுக்கும்போது வயரைப் பிடிக்காமல் ஜாக்கைப் பிடித்து இழுங்கள். அறுந்தாலும் தூக்கிப்போட வேண்டாம், புது ஜாக் வைத்துச் சால்டர் செய்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகள் பலவற்றில் நிறம் பூசிய எனாமல் இருக்கும். அதைச் சூட்டில் போக்காமல் சால்டர் ஒட்டாது. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

14. காதைக் காப்பாற்றுங்கள், ஒரே ஹெட்போனோடு பழகுங்கள்

பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. காதுக்குள் ரீங்காரம் கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் க்ளோஸ்டு-பேக் மாட்டவே மாட்டாதீர்கள். அது தடுக்கும் சத்தத்தில் லாரியின் ஹாரனும் உண்டு.

வாங்கிய பிறகு அடுத்ததைத் தேடாதீர்கள். நீங்கள் மதிக்கும் இன்ஜினியர்கள் செய்த பாட்டுகளை அந்த ஒரே ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது, பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று காது மனப்பாடம் செய்துகொள்ளட்டும். அப்புறம் உங்கள் மிக்ஸை அதே ஹெட்போனில் அவர்களுடையதோடு வைத்துக் கேளுங்கள். அந்த ஹெட்போனுக்கு என்ன குறை இருந்தாலும் அது இரண்டு பாட்டுக்கும் பொது. மிச்சமாகத் தெரியும் வித்தியாசம் உங்கள் வேலையில் இருப்பது. அதைத் திருத்தத் தொடங்குங்கள் தம்பிகளே, தங்கைகளே. அதற்கு இந்த ஹெட்போன் போதும்.